கைக்கோடரிக்கு முன் செதிலைப் பாருங்கள்: கற்கருவிகளை இனம்பிரிக்கும் முறை

அருங்காட்சியகத்தில் பழைய கற்காலத்துக்கென்று ஒதுக்கியிருக்கும் கண்ணாடிப் பேழையில் பெரும்பாலும் கைக்கோடரிகள்தான் இருக்கும். இரு முகங்களிலும் செதுக்கிய, பார்த்த மாத்திரத்தில் கருவி என்று யாருக்கும் தெரிந்துவிடும் துண்டுகள். அவற்றில் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் உள்ளங்கை அளவில் சில டஜன் செதில்களும், விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகள் பல நூறும் செய்தவரின் காலடியில் சிதறியிருக்கும். பேழையில் அவை இருக்காது. பழைய சேகரிப்புகள் பலவற்றில் கிடங்கிலும் இருக்காது. ஆற்றங்கரையில் பொறுக்கியவர்கள் அழகானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். கற்கருவிகளைப் பற்றிய தவறான முடிவுகளில் பாதி இந்தப் பழக்கத்திலிருந்துதான் பிறந்தன.

இந்தியாவில் இந்த ஆய்வு தொடங்கிய இடம் சென்னையை ஒட்டிய பல்லாவரம். 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளை வெட்டிய குழி ஒன்றில் மனிதர் செதுக்கிய கல்லைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தை அடையாளம் கண்டார்கள். ஃபூட் புவியியலாளர். அதனால் கருவியின் வடிவத்தோடு நிற்காமல், அது எந்த அடுக்கில், எந்தச் செம்புரைச் சரளையில் இருந்தது என்பதையும் எழுதி வைத்தார். அவருடைய சேகரிப்பு இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படி அடுக்கைக் குறித்து வைத்தது பிற்காலத்தில் கருவிகளைப் பொறுக்கிய பலரிடம் இல்லாத ஒழுங்கு. பின்னால் ‘மதராஸ் கைக்கோடரி மரபு’ என்ற பெயரே உலக நூல்களில் நிலைத்தது. ஆனால் அந்தப் பெயர் கோடரியை மட்டும்தான் சொன்னது. அத்திரம்பாக்கத்தில் நடந்தது அதைவிட அதிகம் என்பது தெரிய 1863-இலிருந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஒரு கல் துண்டு கையில் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘இது என்ன கருவி’ என்பதல்ல, ‘இது எப்படி உடைந்தது’ என்பது. ஜன்னல் கண்ணாடியில் சிறு கல் வேகமாகப் பட்டால், பட்ட பக்கம் சின்னத் துளையும் மறுபக்கம் விரிந்த கூம்பு வடிவ உடைவும் உண்டாகும். சீரான நெருக்கமுள்ள எந்தக் கல்லிலும் அடியின் விசை இப்படிக் கூம்பாகத்தான் பரவும். கல்லின் விளிம்புக்கு அருகில், 90 பாகைக்குக் குறைவான கோணம் உள்ள இடத்தில் சுத்தியல் கல்லால் அடித்தால், அந்தக் கூம்பின் ஒரு பகுதி மட்டும் கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அப்படிக் கழன்று வருவது செதில். செதிலைக் கொடுத்த தாய்க்கல் கருக்கல்.

செதிலின் உள்முகத்தில், அதாவது கருக்கல்லோடு ஒட்டியிருந்த பக்கத்தில், மேல் ஓரத்தில் அடி விழுந்த சிறு பரப்பு தெரியும். அதை அடிமேடை என்போம். அதற்குக் கீழே விரல் நுனியால் தடவினால் உணரக்கூடிய புடைப்பு இருக்கும், அது குமிழ். குமிழின் மேல் சில நேரம் மீன் செதிள் போல ஒரு சிறு தழும்பு தெரியும். அங்கிருந்து குளத்தில் கல் விழுந்த அலை போல வளைவுகள் கீழே இறங்கும். கருக்கல்லில் இவற்றின் மறுபதிப்பு, குமிழ் இருந்த இடத்தில் குழியாக, இருக்கும். வெளிமுகத்தில் தெரிபவை முந்தைய செதில்கள் கழன்ற தழும்புகளும், மிச்சமிருக்கும் கல்லின் பழைய தோலும், அதாவது இன்னும் உடைபடாத வெளிப்பரப்பும். ஆக ஒரே துண்டில் உள்முகம் கடைசி அடியைச் சொல்கிறது, வெளிமுகம் அதற்கு முந்தைய அடிகளைச் சொல்கிறது. எந்தத் தழும்பு எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தால் அடிகளின் வரிசையையே எழுதிவிடலாம். கோலத்தில் எந்தக் கோடு எதன் மேல் போடப்பட்டது என்று பார்ப்பது போலத்தான்.

அடிமேடைக்கு எதிரே உள்ள செதிலின் கீழ்முனையும் பேசும். இறகு போல மெலிந்து முடிந்தால் அடி சரியாக விழுந்திருக்கிறது. முனை உருண்டு வெளிப்பக்கம் மடிந்திருந்தால் விசை போதவில்லை, அல்லது அடித்தவர் கையை உட்பக்கம் கொண்டுபோகாமல் வெளிப்பக்கம் இழுத்துவிட்டார். படிக்கட்டு போலச் சட்டென ஒடிந்திருந்தால் கல்லுக்குள் விரிசலோ, முந்தைய தவறின் மேடோ குறுக்கே இருந்திருக்கிறது. முனை கருக்கல்லின் அடிப்பாகத்தையே சேர்த்து எடுத்துக்கொண்டு வளைந்திருந்தால் அடி அளவுக்கு மீறியது. மடிந்த முனையும் படி முனையும் ஒரே கருக்கல்லில் அடுக்கடுக்காக இருந்தால், அந்தப் பக்கத்தில் இனி எதையும் கழற்ற முடியாது. அந்தக் கல்லை ஏன் தூக்கிப் போட்டார்கள் என்பதற்கான காரணம் அதுவே. இப்படித் தோற்ற கருக்கல்கள் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர் கையிலிருந்தும் வந்திருக்கலாம். அவற்றைக் கழிவு என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு பட்டறையின் பாதிக் கதையைத் தூக்கி எறிகிறார்கள்.

புத்தகங்களில் வரும் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிக்கிமுக்கிக் கல்லில் செய்தவை. அதில் எல்லா அடையாளமும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். தமிழ்நாட்டின் பழைய கற்காலக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட்டில் ஆனவை. பழைய மணற்கல் அழுத்தத்தில் இறுகி, மணிகள் ஒன்றோடொன்று பிணைந்த கல் இது. சாதாரண மணற்கல்லில் விரிசல் மணிகளைச் சுற்றிக்கொண்டு போகும்; குவார்ட்சைட்டில் மணிகளை அறுத்துக்கொண்டே போகும். அதனால்தான் கூரான விளிம்பு கிடைக்கிறது. ஆனால் பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் அலைக்கோடுகள் மங்கலாகவே தெரியும். அறையின் நேர் வெளிச்சத்தில் பார்த்தால் எதுவும் தெரியாது. இடது மேல் பக்கத்திலிருந்து ஒரே ஒரு விளக்கைச் சாய்வாகப் பிடித்துக் கல்லை மெதுவாகத் திருப்ப வேண்டும். கருவிகளை வரையும்போதும் ஒளி இடது மேல் மூலையிலிருந்து வருவதாகக் கொள்வதே மரபு. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) இன்னும் கடினம். அது உள்விரிசல்கள் வழியாகத் தன் போக்கில் நொறுங்கும். குமிழ் பல நேரம் இருக்கவே இருக்காது. அடைகல்லின் மேல் வைத்து மேலிருந்து அடித்து உடைத்திருந்தால், இரண்டு எதிர் முனைகளிலும் நசுங்கல் தெரிகிறதா என்று பார்ப்பதே வழி.

இயற்கையும் கல்லை உடைக்கிறது. வெள்ளத்தில் உருளும் கற்கள் மோதி உடையும். வெயிலிலும் தீயிலும் சூடேறிய கல்லிலிருந்து வட்டமான மூடிபோலத் துண்டுகள் தெறிக்கும். அவற்றில் அடிமேடையும் இருக்காது, குமிழும் இருக்காது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள், இயற்கையில் உடைந்த துண்டுகளை மிகப் பழைய மனிதக் கருவிகள் என்று சொல்லிப் பெரும் வாதம் நடந்தது. 1939-இல் ஆல்ஃபிரட் பார்ன்ஸ் அதற்கு ஒரு எளிய அளவுகோல் கொடுத்தார். அடிமேடைக்கும் செதில் தழும்புக்கும் இடையிலான கோணங்களை அளந்துகொண்டே போங்கள். 90 பாகையும் அதற்கு மேலும் உள்ளவை மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் மனிதக் கை, அதைவிட மிக அதிகமானால் இயற்கை. மனிதர் கூர்ங்கோணத்தைத் தேடி அடிக்கிறார். ஆற்றுக்கு அந்தத் தேர்வு கிடையாது. இதை ஒரே துண்டுக்குப் பொருத்தக் கூடாது, ஒரு தொகுதிக்குத்தான் பொருத்த வேண்டும். பலர் தவறுகிற இடம் இது.

நம் ஊரில் இன்னொரு பொறி உண்டு. கையால் ஜல்லி உடைத்த இடங்களிலும் சாலை போட்ட இடங்களிலும் கிடைக்கும் துண்டுகளில் அடிமேடை, குமிழ் எல்லாம் அச்சாக இருக்கும். அவையும் மனிதர் அடித்தவைதானே! வேறுபாடு நிறத்திலும் விளிம்பிலும். பழைய தழும்பு முழுவதும் மண்ணின் கறையேறி ஒரே நிறமாக இருக்கும், ஓரங்கள் சற்று மழுங்கியிருக்கும். புதிய தழும்பு உள்கல்லின் நிறத்தில் பளிச்சென்று, தொட்டால் கையைக் கிழிக்கும் கூர்மையோடு இருக்கும். பழைய கருவியிலேயே ஏர்க்கொழுவோ மண் அள்ளும் இயந்திரமோ பட்டுப் புதுத் தழும்பு விழுந்திருக்கலாம். அதைச் செதுக்குவேலை என்று எண்ணிக் கணக்கில் சேர்த்தால் ‘பல் விளிம்புக் கருவி’ என்று இல்லாத ஒரு வகை உருவாகிவிடும். அதேபோல நிறத்தின் அழுத்தத்தை வைத்துக் காலத்தை முன்பின் பிரிப்பதும் ஆபத்து. ஒரே நாளில் உடைத்த இரண்டு துண்டுகளில் ஒன்று செம்மண்ணில் புதைந்து, மற்றொன்று மேலே வெயிலில் கிடந்தால், நிறம் ஒன்றாக இருக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அளவெடுப்பு. செதிலின் நீளத்தை அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை போன திசையில் எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் நீளமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமல்ல. அகலம் அதற்குச் செங்குத்தாக. இந்த ஒரு விதியை மறந்தால் அகலச் செதில்களெல்லாம் நீளச் செதில்களாகி, நீளம் அகலத்தைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும் ‘அலகுகள்’ தாளில் மட்டும் பெருகும். உடைந்த செதில்களை எண்ணும்போது அடிமேடை உள்ள துண்டுகளை மட்டும் தனியாக எண்ண வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாக உடைந்த ஒரு செதில் மூன்று செதில்களாகிவிடும். எண்ணிக்கையோடு எடையும் எழுதினால் இந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

நிக்கோலஸ் டோத் முன்வைத்த ஆறு வகைப் பகுப்பு இந்தக் கட்டத்தில் மிகவும் பயன்படுவது. அடிமேடையில் கல்லின் தோல் இருக்கிறதா இல்லையா. வெளிமுகத்தில் தோல் முழுவதும் இருக்கிறதா, கொஞ்சம் இருக்கிறதா, இல்லவே இல்லையா. இரண்டு மூன்று ஆறு. தோல் நிறைந்த செதில்கள் கூழாங்கல்லை முதன்முதலில் உடைக்கும்போது வருபவை; தோலே இல்லாதவை வேலை முன்னேறிய பின் வருபவை. ஓர் இடத்தில் ஆறு வகையும் கலந்து கிடைத்தால் கல்லை அங்கேயே தொடக்கம் முதல் உடைத்திருக்கிறார்கள். கடைசி வகை மட்டும் மிகுந்தால், தோல் உரித்த கல்லை வேறெங்கிருந்தோ தூக்கி வந்திருக்கிறார்கள். ஒரு மனிதக் கூட்டத்தின் நடமாட்டத்தைக் கல்லின் தோலை வைத்துப் பிடித்துவிடலாம்.

இனி பெயர்கள். வடிவத்தை வைத்து வகைப்படுத்தும் முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா போர்ட். 1961-இல் அவர் கீழ், இடைப் பழைய கற்காலங்களுக்கு 63 வகைச் செதில் கருவிகளைப் பட்டியலிட்டார். கைக்கோடரிகளுக்குத் தனிப் பட்டியல். ஒரு தொகுதியில் எந்த வகை எத்தனை சதவீதம் என்று கூட்டிக்கொண்டே போய் வரைபடம் போடுவார். வரைபடங்கள் வேறுபட்டால் வேறு மக்கள் என்பது அவர் முடிவு. மக்கள் வேறல்ல, செய்த வேலை வேறு என்றார் அமெரிக்கரான லூயிஸ் பின்ஃபோர்ட். 1980களில் ஹெரால்டு டிபிள் இருவருக்கும் இடையில் ஒரு கூர்மையான கேள்வியை வைத்தார். ஒரு பக்கம் மட்டும் கூராக்கிய சுரண்டி மழுங்கியதும் மறுபக்கத்தையும் கூராக்கினால், அது பட்டியலில் ‘இரட்டைச் சுரண்டி’. இன்னும் கூராக்கி இரு விளிம்பும் முனையில் சேர்ந்துவிட்டால் ‘குவி சுரண்டி’. மூன்று பெயர், ஒரே கருவி, மூன்று வயது. வீட்டில் அரிவாள்மனையைத் தீட்டித் தீட்டி அது ஒடுங்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இந்த வாதத்தில் டிபிள் சொன்னதே பெரும்பாலான தொகுதிகளுக்குப் பொருந்துகிறது. அதற்காகப் போர்டின் பட்டியலை எரித்துவிடத் தேவையில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிய பொதுப் பெயர்கள் வேண்டும். பெயரை விளக்கம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கைக்கோடரியைக் கண்ணால் பார்த்து ‘இதய வடிவம்’, ‘வாதுமை வடிவம்’ என்று பிரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இதைத் தீர்க்க டெரெக் ரோ 1968-இல் விகிதங்களைக் கொண்டுவந்தார். அடிப்பாகத்திலிருந்து அதிக அகலம் உள்ள இடம் வரை எவ்வளவு தூரம் என்று அளந்து, அதை மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். 0.350 வரை வந்தால் கூர்முனை வகை, 0.351 முதல் 0.550 வரை முட்டை வடிவம். அதற்கு மேல் போனால் பிளக்கும் கருவியின் உருவம். 150 மி.மீ. நீளமுள்ள கோடரியில் அதிக அகலம் அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் இருந்தால் 0.333, கூர்முனை வகை. கருவியை எப்படி நிறுத்தி அளப்பது என்பதை ஒருமுறை முடிவு செய்து கடைசிவரை மாற்றக் கூடாது. பத்து கருவிகளை இரண்டு பேர் தனித்தனியே அளந்து ஒப்பிட்ட பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

பிளக்கும் கருவியை மட்டும் விகிதத்தால் முழுமையாகப் பிடிக்க முடியாது. அதன் அகன்ற முனை கோடரி அலகு போல நேராக இருக்கும். அந்த விளிம்பில் செதுக்குவேலையே இருக்காது. ஏனென்றால் அந்த விளிம்பு, செதில் கழல்வதற்கு முன்பே கருக்கல்லின் மேல் இருந்த பரப்பும் புதிய உடைவும் சந்திக்கும் கோடு. அடிப்பதற்கு முன்பே எந்த விளிம்பு கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்து, கருக்கல்லை அதற்கேற்ற திசையில் பிடித்து, ஒரே அடியில் உள்ளங்கையைவிடப் பெரிய செதிலைக் கழற்றியிருக்கிறார்கள். பக்கங்களைச் செதுக்கியது பிடிப்பதற்காக மட்டுமே. கைக்கோடரியின் சமச்சீரைப் பார்த்து வியக்கிறோம். எனக்குப் பிளக்கும் கருவியே அதைவிட வியப்பானது.

இந்த முன்யோசனையின் அடுத்த படிதான் லெவலாய்சியன் முறை. கருக்கல்லின் விளிம்பைச் சுற்றிலும் செதுக்கி, மேற்பரப்பை ஆமை ஓடு போல மெல்லக் குவிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒரு முனையில் அடிமேடையை நுணுக்கமாகத் தயார் செய்து, ஓர் அடியில் விரும்பிய வடிவச் செதிலை எடுப்பார்கள். குவிவு அதிகமானால் செதில் தடித்துக் குறுகும். தட்டையானால் முனை மடிந்துபோகும். செதிலில் இதை அடையாளம் காண அடிமேடையில் பல சிறு தழும்புகளும், வெளிமுகத்தில் நடுவை நோக்கி எல்லாத் திசையிலிருந்தும் வந்த தழும்புகளும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஆனால் கைக்கோடரியை மெலிதாக்கும்போது விழும் செதில்களிலும் தயார் செய்த அடிமேடை இருக்கும். ஆகவே கருக்கல் ஒன்றாவது கிடைக்காமல் லெவலாய்சியன் என்று எழுதுவது அவசரம்.

அத்திரம்பாக்கத்துக்குத் திரும்புவோம். 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் அங்கே அடுக்கடுக்காக அகழ்ந்தார்கள். 2011-இல் வெளியான முடிவு: கைக்கோடரிகளும் பிளக்கும் கருவிகளும் கொண்ட, ‘அச்சூலியன்’ எனப்படும் கற்கருவி மரபின் அடுக்குகள் 10.7 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாதவை. சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம் ஆண்டுகள். மண் அடுக்குகளின் காந்தத் திசையை அளந்ததோடு, கருவிகளின் குவார்ட்சில் விண்கதிர்களால் உண்டான அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றின் விகிதத்தையும் அளந்தார்கள். கல் மண்ணுக்குள் புதைந்ததும் அவை புதிதாக உண்டாவது நின்றுபோகும். அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதையும். அந்த இடைவெளியே கடிகாரம். கருவியின் கல்லையே காலக் கணிப்புக்கு உட்படுத்தியது இங்கே சிறப்பு.

2018-இல் வந்த இரண்டாவது முடிவு, வகைப்படுத்தல் தெரிந்தவர்களுக்கு முதலாவதைவிட முக்கியமானது. மேலடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறிய செதில்களும் லெவலாய்சியன் முறையும் கூர்முனைகளும் அலகுகளும் மேலோங்குகின்றன. அச்சூலியன் முடிந்து இடைப் பழைய கற்காலம் தொடங்கிய இந்த மாற்றம், மண் மணிகள் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறையில், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பிழை எல்லை 64,000 ஆண்டுகள். சுமார் 1,72,000 ஆண்டுகள் முன்புவரை அந்த மரபு அங்கே தொடர்ந்தது. தெற்காசியாவில் அது மிகவும் பிந்தித்தான் வந்தது என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. கோடரியை மட்டும் பொறுக்கியிருந்தால் மேலடுக்குகளில் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

சிறு கருவிகளின் காலத்துக்கு வந்தால் இந்தப் பாடம் இன்னும் கடுமையாகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடலோரத் தேரிகளின் செம்மணலிலும், இலங்கையில் ஃபாகியன் குகை, பட்டதொம்ப குகை போன்ற இடங்களிலும் கிடைக்கும் நுண்கற்கருவிகள் பல, இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாதவை. பிறைத்துண்டுகளும் முக்கோணங்களும் கொண்ட இவற்றைக் கண்ணால் பொறுக்கினால் வெள்ளை வெங்கச்சங்கல் மட்டும் கண்ணில் படும், மங்கிய நிறத் துண்டுகள் மணலோடு போய்விடும். அகழ்ந்த மண்ணை முதலில் 5 மி.மீ., பிறகு 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலித்துவிட்டுத்தான் ‘எந்தக் கல்லை விரும்பினார்கள்’ என்ற கேள்வியையே கேட்க முடியும்.

கிடைத்ததைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். இரும்புத் தூரிகையால் தேய்த்தால் உலோகக் கோடு விழும். பின்னால் நுண்ணோக்கியில் அது தேய்மானத் தடம் போலவே தெரியும். விளிம்பில் ஒட்டிய எச்சங்களைச் சோதிக்க எண்ணமிருந்தால் சில துண்டுகளைக் கழுவாமலே தனித்தனிப் பையில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டால் வழியில் மோதிப் புது விளிம்புத் தழும்புகள் விழும். எண் எழுதும்போது கல்லின் மேல் நேரடியாக மை படக் கூடாது. பிற்பாடு நீக்கக்கூடிய தெளிந்த பூச்சு ஒன்றைச் சிறிதாகத் தடவி, அதன் மேல் எழுதி, மீண்டும் பூச வேண்டும். அதுவும் விளிம்பிலோ அடிமேடையிலோ இல்லாமல். வயல்வெளியில் தற்செயலாகக் கண்ணில் படுபவர்கள் எடுக்காமல், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்வது நல்லது. இடம் தெரியாத கைக்கோடரி அழகான கல் மட்டுமே.

அத்திரம்பாக்கத்தின் அச்சூலியன் களிமண் அடுக்கிலிருந்து கடைசியாக ஒன்று. அமைதியான வெள்ளம் படியவிட்ட நுண்மண் அது. பெருங்கற்களை உருட்டிவரும் வேகம் அந்த நீருக்குக் கிடையாது. அதில் பெரிய செதில்களில் செய்த கைக்கோடரிகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும்போது விழுந்த சிறு செதில்களும் இருக்கின்றன. அந்தப் பெரிய செதில்களைக் கொடுத்த ராட்சதக் கருக்கல்கள் மட்டும் இல்லை. ஆகவே குவார்ட்சைட் பாறைத்துண்டுகள் கிடைக்கும் வேறோர் இடத்தில் கழற்றிய செதில்களையும் செய்து முடித்த கருவிகளையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்து, இந்தக் கரையில் உட்கார்ந்து விளிம்பைத் திருத்தியிருக்கிறார்கள். இதைச் சொன்னது கைக்கோடரியல்ல. சல்லடையில் தங்கிய சில்லுகளும், அந்த அடுக்கில் எங்கேயும் கிடைக்காத அந்தக் கருக்கல்லும்.